ஒரு மரத்துக் கள்ளு

கள்ளுக்குக் காத்திருக்கத் தெரியாது. பியரிலும் வைனிலும் ஊறிய ஆட்களுக்கு முதலில் பிடிபடாத சங்கதி இதுதான். பியர் காய்ச்சுகிறவர் பார்லியை முளைக்க வைத்து, வறுத்து, ஊறவைத்து, காய்ச்சி, ஆறவிட்டு, கடைசியில் தன் கையாலேயே மதுவத்தைப் போடுகிறார். எப்போது தொடங்குவது என்பது அவர் முடிவு. பனையில் அந்த முடிவு ஒருவர் கையிலும் இல்லை. பாளையின் வெட்டுவாயிலிருந்து முதல் துளி முட்டிக்குள் விழும்போதே காற்றிலும் முட்டியின் உட்சுவரிலும் குடியிருக்கும் மதுவங்கள் வேலையைத் தொடங்கிவிடும். விடிய இறக்கியது மத்தியானம் வேறு குடிவகை, பின்னேரம் இன்னொன்று. அடுத்த நாள் அதைத் தொட்டால் வினாகிரிக்குக் கிட்டப் போயிருக்கும்.

நான் இலண்டனில் பியர் பழகியவன். பேர்மொண்ட்சியில் ரயில்பாதை வளைவுகளுக்குக் கீழே வரிசையாக இருக்கும் சிறு பியர்ச்சாலைகளில் சனிக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். ஒலிம்பியா மண்டபத்தில் ஆவணி மாதம் நடந்துவந்த பெரிய பியர் விழாவுக்குக் கொப்பியும் பேனையுமாகப் போயிருக்கிறேன். அந்த விழாவை நடத்திய கம்ரா என்ற இயக்கம் 1971இல் தொடங்கியது. வாயு ஏற்றி, வடிகட்டி, செத்துப்போன பியரை விற்கும் பெரிய கம்பனிகளுக்கு எதிராக, பீப்பாவுக்குள் இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள பியரைக் காப்பாற்றவேண்டும் என்பதே அவர்களின் வாதம். அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தது. தென்மராட்சியில் அப்பாவின் வீட்டைத் திருத்த ஓர் ஆண்டு விடுப்பில் வந்தபோது, அதே கண்ணோடு ஊர்க் கள்ளையும் சுவைத்து எழுதிவிடலாம் என்று கொப்பியையும் கொண்டுவந்தேன்.

இலங்கையில் பியருக்கு வரலாறு இல்லாமல் இல்லை. நுவரெலியாவின் குளிரில் 1881இலேயே மதுச்சாலை வந்துவிட்டது. அதன் வழிவந்த லயன் ஸ்ரவுட் பியரை மைக்கேல் ஜாக்சன், அதாவது பாட்டுக்காரர் அல்ல, பியரைப் பற்றியே எழுதி வாழ்ந்த ஆங்கிலேயர், உலகமெல்லாம் புகழ்ந்திருக்கிறார். ஆனால் யாழ்ப்பாணத்துக்கென்று உள்ளது பியர்ச்சாலை அல்ல, தவறணை.

தவறணை என்றால் பெரும்பாலும் கிடுகு அல்லது தகரக் கூரை, மணல் தரை, நீள வாங்கு, நடுவில் ஒரு பெரிய பீப்பா அல்லது நீலப் பிளாஸ்ரிக் கான். ஒரு காலத்தில் குத்தகைக்காரர் கையில் இருந்த இந்தத் தொழில் 1970களில் கூட்டுறவுக்கு மாறியது. இன்று பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள்தான் பெரும்பாலான தவறணைகளை நடத்துகின்றன. சீவுகிறவர் கள்ளைக் கொண்டுவந்து அளந்து ஊற்றுவார். போத்தல் கணக்கில் கொப்பியில் பதிவார்கள். காசு சங்கத்தால் வரும். தொழிலாளிக்கு ஒரு நிச்சயத்தைத் தந்த ஏற்பாடு அது. நான் சொல்லவருவது வேறு. பத்துப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரும் பல மரங்களில் சீவியது எல்லாம் ஒரே பீப்பாவுக்குள் போகிறது. நான் ஓலைப் பிளாவை வாயில் வைத்து, “இதில் எலுமிச்சைப் புளிப்பு, பின்னால் ஈரமண்” என்று கொப்பியில் எழுதியபோது, நான் எழுதியது எந்த மரத்தையும் பற்றியது அல்ல. எந்த மரத்துக் கள்ளு என்று முகாமையாளரிடம் கேட்டேன். “தம்பி, இது சங்கத்து மரம்” என்றார். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு மரத்துக் கள்ளுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. ஒரே மரத்தின் கள்ளைக் கலப்பில்லாமல் ஒரு மண்டலம் குடித்தால் உடம்பு தேறும் என்று கிழவிகள்கூடச் சொல்வார்கள். உடம்பு தேறுமோ தெரியாது, நாக்கு தேறும் என்று எனக்குப் பட்டது. அதற்குத் தவறணை வழி இல்லை. சீவுகிற ஒருவரின் பின்னால் போகவேண்டும்.

எங்கள் வீட்டு வேலிப் பனைகளை அப்பாவின் காலத்திலிருந்து சீவிவந்த ஒருவர் இருக்கிறார். அவரை இங்கே அண்ணை என்றே சொல்கிறேன். அப்படித்தான் கூப்பிடுகிறேன். அப்பாவை அவர் கடைசிவரை “நயினார்” என்றுதான் கூப்பிட்டார். அப்பாவோ தன்னைவிட மூத்த அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். எங்கள் கிணற்றில் அவர் வாளி தொட்டதை நான் சிறுவயதில் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலைப் பற்றி எழுதிவிட்டு இதை எழுதாமல் போனால் அது பாதிக் கள்ளு, பாதித் தண்ணீர். கே. டானியல் போன்றவர்களின் நாவல்கள் இந்தக் கதையை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டன. நான் போய்ப் பழகவேண்டும் என்று கேட்டபோது அண்ணை உடனே ஒன்றும் சொல்லவில்லை. “குடிக்கப் பழகவோ, சீவப் பழகவோ?” என்றார். குடிக்கத்தான், ஆனால் சீவாமல் விளங்காது போலிருக்கிறது என்றேன். “அப்ப தை பிறக்கட்டும், வாங்கோ” என்றார்.

பனைக்குத் தைதான் ஆண்டின் தொடக்கம். மாரி ஓய்ந்து, வாடைக்காற்றில் பட்டம் ஏறும் நாட்களில் ஆண்பனைகள் பாளை தள்ளத் தொடங்கும். ஒரு பனை ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. அதற்கே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும், சிலவேளை இன்னும் மேலே போகும். அதனால் வடலியை நடுகிறவர் சீவுகிறவராக இருப்பது அரிது. அண்ணை ஒவ்வொரு வளவாக நடந்து, மரத்தை அண்ணாந்து பார்த்து, எது இந்த முறைக்கு, எது ஓய்வுக்கு என்று தீர்மானிப்பார். நான் பின்னால் நடந்தேன். இலண்டனில் பியர்ச்சாலைக்குள் போனால் முதலில் சுவரில் எழுதியிருக்கும் பட்டியலைப் பார்ப்போம். இங்கே பட்டியல் அறுபது, எழுபது அடி உயரத்தில் இருந்தது. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஓலை.

முதல் மாதம் முழுக்க நான் படித்தது கத்தி. பாளைக்கத்தி அகலமானது, பாரமில்லாதது, வாய் சவர அலகைப்போல இருக்கவேண்டும். ஒரு மரப்பலகையில் நுண்ணிய வெண்கல் தூளைத் தூவி, கத்தியைப் படுக்கவைத்து இழுத்து இழுத்துத் தீட்டவேண்டும். மழுங்கிய கத்தி பாளையை வெட்டாது, நசுக்கும். நசுங்கினால் துளைகள் அடைபட்டு மரம் ஊறாது. தடிப்பாக வெட்டினால் பாளை பருவம் முடியமுன் தீர்ந்துபோகும். சரியான சீவல் வெங்காயத் தோலளவு. இதை அண்ணை வாயால் சொல்லவில்லை. தான் சீவிய ஒரு சீவலைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். கைரேகை அதனூடாகத் தெரிந்தது.

ஆண்பாளையில் விரல் விரலாக நிற்கும் கதிர்களைச் சேர்த்து நாரால் கட்டி, மர இடுக்கியால் நாளும் மெதுவாக அமத்தவேண்டும். பெண்பாளையில் பிஞ்சுகளுக்கு இடையில் காம்பை அமத்தவேண்டும். அமத்துவது கூடினால் பாளை அழுகும், குறைந்தால் ஊறாது. ஒரு கிழமை அளவில் நுனியில் ஈரம் காணும். அதன்பிறகு முட்டி கட்டி, காலையும் பின்னேரமும் சீவிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நாள் தவறினால் வெட்டுவாய் காய்ந்துவிடும். கலியாணம், செத்தவீடு, ஊரடங்கு, ஷெல்லடி எதுவும் பாளைக்குத் தெரியாது. போர்க்காலத்தில் வானத்தில் விமானம் சுற்றும்போது மரத்தின் உச்சியிலிருந்து இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அண்ணை ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தெற்கே களுத்துறைப் பக்கம் தென்னைகளுக்கு இடையே கயிறு கட்டி, மேலேயே மரத்துக்கு மரம் நடந்து கள்ளிறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வீதியால் போகிற உல்லாசப்பயணிகள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்கள் பனையில் அந்த வசதி இல்லை. காலில் தளைநார், இடுப்பில் கத்திக்கூடு, நெஞ்சு மரத்தில் உரச ஏறி, இறங்கி, அடுத்த மரத்தில் திரும்ப ஏறவேண்டும். நாளுக்கு இரண்டு தரம். சீவுகிறவர்களின் நெஞ்சிலும் முன்கையிலும் தோல் தடித்துக் கறுத்திருக்கும். விழுந்தவர்கள் கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. இளம் பெடியள் இந்தத் தொழிலுக்கு வராததைச் சிலர் சோம்பேறித்தனம் என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் ஒரு மரம் ஏறிப் பார்க்கலாம்.

பங்குனியில் கள்ளு இறங்கத் தொடங்கியதும் என் சுவைப் படிப்பு தொடங்கியது. அது மரத்தடியில், காலை ஆறரைக்கு. அண்ணை இறக்கிய கள்ளில் ஒவ்வொரு மரத்திலும் கொஞ்சத்தை எனக்கென்று தனியே வைப்பார். ஓலையை மடக்கி முடிந்த பிளாவில் ஊற்றிக் குடிப்பேன். பிளாவுக்குப் பச்சை ஓலையின் வாசம் ஒன்று இருக்கிறது. முதல் நாட்களில் அதைக் கள்ளின் வாசம் என்று கொப்பியில் எழுதிவைத்திருந்தேன்.

மரத்திலிருந்து வரும்போது சாற்றில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை சீனி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிப்பு நிற்கும். அதுதான் கருப்பநீர், பனங்கட்டிக்குப் போவது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் மதுவம் சீனியைத் தின்று மதுசாரமும் வாயுவும் ஆக்கும். கூடவே லக்ரிக் அமிலப் பற்றீரியாக்கள் புளிப்பைக் கொண்டுவரும். நாள் போனால் அசற்றிக் அமிலக்காரர் வந்து எல்லாவற்றையும் வினாகிரி ஆக்குவார். நன்றாக நொதித்த கள்ளில் 4 முதல் 6 வீதம் மதுசாரம் இருக்கும், சாதாரண பியர் அளவுதான். இது புத்தகத்தில் இருப்பது. புத்தகத்தில் இல்லாதது இந்த மூன்று வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில்லை, ஒன்றாகவே நடக்கின்றன என்பது. அவற்றின் ஓட்டத்தில் எது முந்துகிறது என்பதுதான் சுவை.

அதை முந்தவிடுவதும் பிந்தவிடுவதும் சீவுகிறவரின் கை. முட்டியைக் கழுவும்போது அடியில் கிடக்கும் மண்டியை எவ்வளவு விட்டுவைக்கிறார் என்பதில் ஒரு கணக்கு. மண்டி கூட இருந்தால் நேற்றைய மதுவம் இன்றைய சாற்றில் உடனே பாயும். இராக் குளிரில் ஊறிய காலைக்கள்ளு இனிப்பு மிஞ்சி, நுரை மெலிந்து வரும். பகல் வெயிலில் ஊறிய அந்திக்கள்ளு வாயில் கடிக்கும். மண்முட்டி நுண்துளைகளில் மதுவத்தை வைத்திருக்கும், பிளாஸ்ரிக் வைத்திருக்காது. ஆனால் பிளாஸ்ரிக் உடையாது, பாரமில்லை. எழுபது அடி உயரத்துக்குக் காவிக்கொண்டு போகிறவர் பிளாஸ்ரிக்கைத் தெரிந்தால் அதற்கு மேல் நான் பேச ஒன்றும் இல்லை.

பிரசெல்ஸில் 1900இல் தொடங்கிய கான்ரியோன் மதுச்சாலையில் இன்றும் மதுவம் போடாமல், காய்ச்சிய சாற்றை இரவுக் காற்றில் திறந்துவைத்தே பியர் செய்கிறார்கள். குளிர்கால மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். கோடையில் காற்றில் வேண்டாத கிருமிகள் கூடிவிடும். அந்தப் பியர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் மரப்பீப்பாவில் கிடக்கும், போத்தல் நல்ல விலைக்குப் போகும். அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் இலண்டன் நண்பர்களுக்கு நான் கள்ளின் படம் அனுப்பினேன். அதே காட்டு மதுவம், அதே புளிப்பு. பனை மட்டும் கோடையிலேயே, சில மணி நேரத்திலேயே அதை முடித்துவிடுகிறது. விலை அங்கே ஒரு பியர்க் கிளாசின் அடியில் மிஞ்சும் நுரைக்குக்கூடக் காணாது.

சித்திரையில் அண்ணை எனக்கு ஒரு சோதனை வைத்தார். நான்கு பிளா. எது ஆண்பனை, எது பெண்பனை, எது கிணற்றடி மரம், எது மேட்டு வளவு மரம்? கிணற்றடி மரத்தை மட்டும் சரியாகச் சொன்னேன், அதுகூட அதன் நீர்த்த தன்மையால். அண்ணை நான்கையும் முகர்ந்தார், குடிக்கவில்லை. நான்கையும் சொன்னார். எப்படி என்று கேட்டேன். “நான் காலமை அந்த நாலு பாளையையும் மணந்துதானே இறங்கினனான்” என்றார். என்னைப்போன்ற சுவைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுவைப்பதில் ஒரு நேர்மை இருப்பதாக நினைப்போம். அண்ணைக்கு அது வேண்டாத வேலை. மரத்தைப் பார்த்து, வெட்டுவாயைப் பார்த்து, வண்டும் எறும்பும் எவ்வளவு என்று பார்த்து, கடைசியில்தான் நாக்கு. அன்றைக்குப் பிறகு கொப்பியில் சுவைக்கு முன் மரத்தை எழுதத் தொடங்கினேன்.

சித்திரை, வைகாசி இரண்டும் பெருவெள்ளம். தவறணைகளில் விற்றுத் தீராது. மிச்சம் திக்கத்துக்கும் வரணிக்கும், வடிசாலைக்குப் போகும். பனஞ்சாராயத்துக்கும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அதில் மரம் தெரிவதில்லை, நெருப்புத்தான் தெரிகிறது. பெண்பனைகளில் பிஞ்சுகளை வெட்டிச் சீவும் காய்வெட்டிக் கள்ளு பிறகு வரும். இந்த ஆண்டு எனக்குப் பிடித்த கள்ளு அதுதான். கொஞ்சம் தடித்து, நொங்கின் வாசத்தோடு இருக்கும். சோளகம் எழும்பினால் மரம் ஆடும், ஓலை கத்தியில் அடிக்கும். ஆடி முடிய நல்லூர் கொடியேறும். 25 நாள் திருவிழாவில் பாதி யாழ்ப்பாணம் மீனையும் கள்ளையும் விட்டுவிடும். திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தை மனப்பாடம் செய்தவர்களும் தவறணையின் பின்வாசலால் வருகிறவர்களும் பலநேரம் ஒரே ஆட்கள்தான். அப்பத்துக்கு என்று சொல்லிச் சின்னப் போத்தலில் வாங்கிப்போகும் அம்மாமார் மட்டும் முன்வாசலால் வருவார்கள். மாவைப் பொங்கவைக்க உடன்கள்ளு போதாது, சற்றே முற்றியதுதான் வேண்டும் என்பதை எனக்குச் சொன்னதும் அவர்களில் ஒருவர்தான்.

பருவம் தேய்கிற மாதங்களில்தான் கலப்படமும் தலைகாட்டும். ஒரு தவறணையில் குடித்தது வெறும் சீனித்தண்ணீரும் கடை மதுவமும். பாண் வாசம் அடித்தது. பழகிய நாக்குக்கு அது உடனே பிடிபடும், பழகாத நாக்குக்கு இனிப்பாகப் பிடிக்கவும் செய்யும். போத்தலில் அடைத்த கள்ளு இன்னொரு கதை. சூடாக்கி நொதிப்பை நிறுத்தி அடைத்தால்தான் அது வெளிநாடுவரை போய்ச்சேரும். புலம்பெயர்ந்தவர்கள் கடையில் கண்டு நெகிழ்ந்து வாங்குகிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். அது கள்ளின் ஒளிப்படம். ஆனால் அதைக் குறைசொல்லிவிட்டுப் போகவும் முடியாது. வைகாசி வெள்ளத்தில் வீணாகப் போவதை ஐப்பசியில் காசாக்க வேறு வழி பெரிதாக இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்கே தடை. பனை நிற்கிறது, சாராயக்கடையை அரசே நடத்துகிறது, கள்ளிறக்கினால் வழக்கு. அங்கிருந்து வந்த ஒரு நண்பர் எங்கள் தவறணையில் பகிரங்கமாக இருந்து குடித்துவிட்டு, ஒவ்வொரு மிடறுக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கள்ளு விழா ஒன்று வைத்தால் என்ன என்று சங்கத்து ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஊர்க் கள்ளும் தனித்தனியாக, சீவியவர் பெயரோடு, சிறு பிளாக்களில், கூழும் நண்டும் பக்கத்தில். அவர்கள் சிரிக்கவில்லை. கணக்குப் பார்த்தார்கள். தனித்தனியாக வைத்தால் தனித்தனியாகக் கெடும், பெயர் போட்டால் ஒருவர் கள்ளு விற்று மற்றவர் கள்ளு மிஞ்சும், மிஞ்சியவர் அடுத்த நாள் சங்கத்துக்கு வருவாரா என்று ஒருவர் கேட்டார். பொதுப்பீப்பாவை நான் சுவையின் எதிரியாக மட்டுமே பார்த்துவந்திருந்தேன். பிந்தி ஏறிய கிழவரின் புளித்த கள்ளையும் இளையவரின் உடன்கள்ளையும் அது ஒரே விலைக்கு வாங்குகிறது. விழா யோசனையை நான் இன்னும் கைவிடவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அதைத் திரும்ப எடுக்கப்போவதில்லை.

ஆனியில் அண்ணை தன் மரங்களில் மிகக் கட்டையான ஒன்றை எனக்கு விட்டார். முதல்முறை பூத்த பெண்பனை, ஏணி வைத்தால் எட்டும். ஏணியோடு சீவுகிறவனை ஊர் வேடிக்கை பார்த்தது. பாளையை அவரே பதப்படுத்தித் தந்திருந்தார், காலையும் பின்னேரமும் சீவுவது மட்டும் என் வேலை. “நீங்கள்” என்பது எப்போது “நீ” ஆனது என்று நினைவில்லை, ஏணியில் நிற்கும்போதுதான் முதலில் கேட்டேன். “அமத்தாதை, இழு. கத்தி தன்பாட்டில போகும், நீ பிடிச்சுக்கொண்டு மட்டும் நில்.” சீவல்கள் தடிப்பாகத்தான் விழுந்தன. நாளாக ஆக மெலிந்தன. முட்டியில் கால்வாசி வந்தது, பிறகு அரைவாசி.

வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மரத்துக் கள்ளாகக் குடிக்கத்தான் ஆசை. அண்ணை விடவில்லை. கள்ளை விற்கும் உரிமை சங்கத்துக்கு, மரம் அவருடைய கணக்கில், ஆகவே என் கள்ளும் அவருடைய கானில் ஏறித் தவறணைக்குப் போனது. நானும் பின்னால் போய் வாங்கில் இருந்தேன். அளந்தார்கள், அவர் பெயரில் எழுதினார்கள், பீப்பாவுக்குள் ஊற்றினார்கள். மத்தியானம்வரை ஆட்கள் வந்து குடித்தார்கள், மீன்விலை பேசினார்கள், போனார்கள். கள்ளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியில் வந்து சைக்கிளை எடுக்கும்போது அண்ணை, “ஒருத்தரும் முகம் சுழிக்கேல்லை, பாத்தனியே? நாளைக்கும் சீவு” என்றார்.